ரிசல்ட் வருவதற்கு முன்பே முடிக்க வேண்டியவை: செட்டிநாட்டு மாணவருக்கும் பெற்றோருக்கும் கல்லூரிச் சேர்க்கை, உதவித்தொகை வழிகாட்டி

மே மாதம் பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாள் காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் தாலுகா அலுவலகங்களிலும் இ-சேவை மையங்களிலும் நிற்க இடம் இருக்காது. வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று, ஆதாரில் பெயர்த் திருத்தம் என எல்லாம் அதே வாரத்தில் வேண்டும். சர்வர் திணறும். வி.ஏ.ஓ. மூன்று கிராமங்களுக்குப் பொறுப்பாக இருப்பார். கலந்தாய்வுக்கான கடைசித் தேதியோ யாருக்காகவும் காத்திருக்காது. நல்ல மதிப்பெண் எடுத்த பிள்ளை, தனக்குச் சேர வேண்டிய சலுகையை ஒரு தாள் இல்லாமல் இழப்பது இந்த வாரத்தில்தான்.

மதிப்பெண் பிள்ளையின் கையில் இருக்கிறது. தாள்கள் பெற்றோர் கையில் இருக்கின்றன. அந்த வேலையை எட்டாம் வகுப்பிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக முடித்துவிடலாம். வீட்டில் இதுவரை யாரும் கல்லூரிக்குப் போகாத குடும்பத்தை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறோம்.

எட்டு, ஒன்பதாம் வகுப்பு: பள்ளியை மாற்றும் முன் ஒரு கணக்கு

அரசுப் பள்ளியில் எட்டாவது வரை படித்த பிள்ளையை, "டென்த்துக்கு நல்லா கோச்சிங் கொடுப்பாங்க" என்று ஒன்பதாம் வகுப்பில் மெட்ரிக் பள்ளிக்கு மாற்றும் பழக்கம் இங்கே பரவலாக உண்டு. மாற்றுவது உங்கள் உரிமை. ஆனால் எதைக் கொடுத்து எதை வாங்குகிறீர்கள் என்று தெரிந்து மாற்றுங்கள்.

ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத் தமிழகத்தில் 7.5 சதவீத இடங்கள் தனியாக ஒதுக்கப்படுகின்றன. மருத்துவப் படிப்புக்கு 2020-இலும், பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளுக்கு 2021-இலும் இது சட்டமானது. இந்த ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் படிப்புக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. கிடைத்தது தனியார் கல்லூரியாக இருந்தாலும் அப்படித்தான். நடுவில் ஓராண்டு மெட்ரிக் பள்ளியில் படித்தாலும் இந்த உரிமை போய்விடும். ஒரு விதிவிலக்கு உண்டு. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின்கீழ் தனியார் பள்ளியில் எட்டாவது வரை படித்துவிட்டு, ஒன்பது முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களும் தகுதி பெறுகிறார்கள்.

இன்னொன்றையும் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். அரசு உதவி பெறும் பள்ளி இந்த 7.5 சதவீதக் கணக்கில் வராது. நூறாண்டுப் பழைமையும் நல்ல பெயரும் உள்ள உதவி பெறும் பள்ளிகள் செட்டிநாட்டில் பல இருக்கின்றன. "கவர்ன்மென்ட் சம்பளம்தானே, அதுவும் அரசுப் பள்ளிதான்" என்று நினைத்து ஏமாறுவோர் உண்டு. அரசே நேரடியாக நடத்தும் பள்ளிகளும், மாநகராட்சி, நகராட்சி, ஊராட்சி ஒன்றியம், ஆதிதிராவிடர் நலத்துறை, கள்ளர் சீரமைப்புத் துறை போன்றவை நடத்தும் பள்ளிகளும்தான் அரசுப் பள்ளிக் கணக்கில் வரும்.

உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு வேறொன்று உண்டு. மாணவிகளுக்குப் புதுமைப் பெண் திட்டமும் (2022), மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டமும் (2024) மாதம் ரூ.1,000 தருகின்றன. பட்டப்படிப்பு, டிப்ளமோ, ஐ.டி.ஐ. என எதில் சேர்ந்தாலும் படிப்பு முடியும்வரை இந்தப் பணம் வரும். அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்தவர்களுக்குத் தமிழ் வழி, ஆங்கில வழி என்ற பேதம் இல்லை. வேறு உதவித்தொகை பெற்றாலும் இதையும் பெறலாம்.

பள்ளிக் காலத்திலேயே பணம் தரும் தேர்வுகளில் முக்கியமானது எட்டாம் வகுப்பில் எழுதும் என்.எம்.எம்.எஸ். என்ற தேசிய வருவாய்வழி, திறன் உதவித்தொகைத் தேர்வு. அரசு, உதவி பெறும் பள்ளி மாணவர்களுக்கு மட்டுமானது. குடும்ப ஆண்டு வருமானம் ரூ.3.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். தேர்ச்சி பெற்றுத் தேர்வுப் பட்டியலில் வந்தால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு ரூ.12,000, மொத்தம் ரூ.48,000. இந்தப் பணத்தைத் தொடாமல் பிள்ளையின் கணக்கிலேயே விட்டுவைத்தால் கல்லூரி முதலாண்டின் பாதிச் சிரமம் குறையும். பதினோராம் வகுப்பில் தமிழ் மொழி இலக்கியத் திறனறித் தேர்வு நடக்கிறது. பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடம்தான் அடிப்படை. தேர்வாகும் 1,500 பேருக்கு இரண்டாண்டுகள் மாதம் ரூ.1,500. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான முதலமைச்சரின் திறனாய்வுத் தேர்வில் தேர்வானால் இளநிலைப் பட்டம் முடியும்வரை ஆண்டுக்கு ரூ.10,000. இந்த மூன்றுக்கும் விண்ணப்பம் பள்ளி வழியாகத்தான் போகும். தலைமையாசிரியரிடம் ஜூன் மாதத்திலேயே கேட்டு வையுங்கள்.

பத்தாம் வகுப்பு: பெயர், ஆதார், வங்கிக் கணக்கு

எல்லாச் சிக்கலுக்கும் மூலம் பெயர்தான். மதிப்பெண் சான்றில் "மீனாட்சி சு" என்று இருக்கும். ஆதாரில் "மீனாட்சி சுப்பையா". வங்கிப் புத்தகத்தில் "எஸ். மீனாட்சி". மனிதர்களுக்கு இது ஒரே ஆள் என்று தெரியும், கணினிக்குத் தெரியாது. உதவித்தொகை "நிலுவை" என்று மாதக்கணக்கில் கிடப்பதற்கு முக்கியக் காரணங்களில் இது ஒன்று.

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்குப் பள்ளியில் பெயர்ப் பட்டியல் தயாரிப்பார்கள். அதில் உள்ள பெயர், தலைப்பெழுத்து, பிறந்த தேதி, பெற்றோர் பெயர் ஆகியவைதான் மதிப்பெண் சான்றில் அச்சாகும். வாழ்நாள் முழுக்க அதுவே ஆதாரம். கையெழுத்துப் போடுவதற்கு முன் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுத்து எழுத்தாகப் படித்துப் பாருங்கள். பிறப்புச் சான்றை வைத்து ஒப்பிடுங்கள். அச்சான பிறகு திருத்துவது நெடிய வேலை.

மதிப்பெண் சான்று சரியாக இருந்தால் மற்றவற்றை அதற்கு ஏற்ப மாற்ற வேண்டும். வரிசை இது:

1. ஆதாரில் பெயரையும் பிறந்த தேதியையும் மதிப்பெண் சான்றின்படி திருத்துங்கள். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறையும் பிறந்த தேதியை ஒரே முறையும்தான் மாற்றலாம். அவசரப்பட்டுத் தவறாக மாற்றிவிட்டால் பிறகு கஷ்டம்.

2. பிள்ளைக்கு 15 வயதானதும் கைரேகை, கருவிழிப் பதிவைக் கட்டாயம் புதுப்பிக்க வேண்டும். ஐந்து வயதில் எடுத்த பதிவோடு விட்டுவிட்டால் கல்லூரியில் கைரேகை சரிபார்ப்பின்போது ஒத்துப்போகாது.

3. ஆதாரோடு வீட்டில் நிரந்தரமாக இருக்கும் ஒருவரின் மொபைல் எண்ணை இணையுங்கள். அப்பா சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ இருந்து, அவருடைய உள்ளூர் எண் செயலிழந்து கிடக்கும் வீடுகள் இங்கே நிறைய. ஓ.டி.பி. அங்கே போய்க்கொண்டிருந்தால் இங்கே எந்த விண்ணப்பமும் நகராது.

4. பிள்ளையின் பெயரில் வங்கிக் கணக்கு தொடங்கி, அரசின் நேரடிப் பணப் பரிமாற்றத்துக்காக அதை ஆதாருடன் இணைக்கச் சொல்லுங்கள். கணக்கு தொடங்கும்போது ஆதார் நகல் கொடுத்தது மட்டும் போதாது. இதற்கென்று தனியாக ஒப்புதல் படிவம் கொடுக்க வேண்டும். இணைப்பு ஆகியிருக்கிறதா என்பதை மை ஆதார் இணையதளத்தில் வங்கி இணைப்பு நிலை என்ற பகுதியில் பார்க்கலாம்.

நான்காவதில் ஒரு நுட்பம் உண்டு. ஒரு ஆதாருக்கு அரசுப் பணம் வந்து விழும் கணக்கு ஒன்றே ஒன்றுதான். கடைசியாக எந்தக் கணக்கை இணைத்தீர்களோ அதுதான். அஞ்சலகத்தில் ஒரு கணக்கு, வங்கியில் ஒரு கணக்கு என்று வைத்திருப்பவர்கள் "பணம் வரவே இல்லை" என்று அலைவார்கள். பணம் மறந்துபோன கணக்கில் வந்து கிடக்கும். அதேபோல, காப்பாளர் பெயரோடு தொடங்கிய மைனர் கணக்கைப் பிள்ளைக்கு 18 வயதானதும் வங்கிக்குப் போய் மாற்றிக்கொள்ள வேண்டும். பெரும்பாலானோருக்கு 18 நிறைவது கல்லூரி முதலாண்டில், அதாவது முதல் உதவித்தொகை வரும் சமயத்தில்.

பதினோராம் வகுப்பு: குரூப்

கணிதம், இயற்பியல், வேதியியல் மூன்றும் இல்லாமல் பி.இ. கலந்தாய்வின் பொதுப் பிரிவில் நுழைய முடியாது. தாவரவியல், விலங்கியல் எடுத்து "நீட் வந்தால் டாக்டர்" என்று நினைக்கும் பிள்ளை, நீட் சரியாக வராவிட்டால் பொறியியல் பக்கம் திரும்ப முடியாது. கணிதம் சுமாராக வரும் பிள்ளைக்கும்கூட, முடிவு உறுதியாக இல்லாதவரை உயிரியல்–கணிதம் குரூப்பே நல்லது என்பது எங்கள் கருத்து. கணிதம் அறவே பிடிக்கவில்லை என்றால் கட்டாயப்படுத்தாதீர்கள். வணிகவியல் படித்து சி.ஏ., பி.காம். என்று போவதும், பத்தாவது முடித்து பாலிடெக்னிக் போவதும் முழுமையான வழிகள்தான்.

பாலிடெக்னிக் டிப்ளமோ முடித்தவர்கள் நேரடியாக பி.இ. இரண்டாம் ஆண்டில் சேரலாம். மாநிலம் முழுமைக்குமான அந்தக் கலந்தாய்வைப் பல ஆண்டுகள் நடத்தி வந்ததே காரைக்குடி அழகப்பா செட்டியார் அரசு பொறியியல் கல்லூரிதான். வீட்டில் உடனே ஒரு சம்பளம் வேண்டும் என்ற நிலை இருந்தால் இந்த வழியை முதலில் யோசியுங்கள். டிப்ளமோவோடு வேலைக்கும் போகலாம், கூடி வந்தால் பி.இ.யும் படிக்கலாம்.

அரசுப் பள்ளி என்றால் நான் முதல்வன் திட்டத்தின்கீழ் நடக்கும் உயர்கல்வி வழிகாட்டி வகுப்புகளையும், நீட், ஜே.இ.இ. பயிற்சியையும் விடாதீர்கள். கட்டணம் இல்லை.

சான்றிதழ்கள்: எதை எப்போது வாங்குவது

எல்லாம் இ-சேவை மையம் வழியாகத்தான். ஒவ்வொன்றுக்கும் கட்டணம் ரூ.60. முதல்முறை போகும்போது குடிமக்கள் கணக்கு எண் ஒன்றை உருவாக்குவார்கள். அதைக் குறித்து வைத்துக்கொண்டால் அடுத்தமுறை வேலை சுலபம். விண்ணப்பம் வி.ஏ.ஓ., ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்) இருவரையும் கடந்து தாலுகா அலுவலகம் போகும். செட்டிநாட்டு ஊர்கள் சிவகங்கை, புதுக்கோட்டை என இரண்டு மாவட்டங்களில் கிடக்கின்றன. பொன்னமராவதிக்காரர் காரைக்குடியில் வாடகைக்கு இருந்தால், ரேஷன் கார்டு எந்த முகவரியில் இருக்கிறதோ அங்கே போட வேண்டியிருக்கும். கார்டு முகவரியை முன்பே மாற்றிவிட்டால் அலைச்சல் மிச்சம்.

சாதிச் சான்று: ஒருமுறை வாங்கினால் போதும், காலாவதி இல்லை. அப்பா அல்லது அம்மாவின் சாதிச் சான்று, பிள்ளையின் மாற்றுச் சான்று, ஆதார், ரேஷன் கார்டு தேவை. பெற்றோரிடமே சான்று இல்லாவிட்டால் விசாரணை நீளும். எனவே பத்தாவதிலேயே முடித்துவிடுங்கள். பிற்படுத்தப்பட்டோர், மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்குத் துணை வட்டாட்சியரும், ஆதிதிராவிடருக்கு வட்டாட்சியரும், பழங்குடியினருக்குக் கோட்டாட்சியரும் வழங்குவார்கள்.

வருமானச் சான்று: ஓராண்டுதான் செல்லும். பன்னிரண்டாவது பொதுத்தேர்வு முடிந்த கையோடு, கூட்டம் சேருவதற்கு முன் வாங்கினால் கல்லூரி முதலாண்டு விண்ணப்பங்கள் எல்லாவற்றுக்கும் அதுவே போதும். ஆத்தங்குடிக் கல் பதிப்பவர், கண்டாங்கி நெய்பவர், புதுவயல் அரிசி ஆலையில் கூலிக்குப் போகிறவர் என ஒழுங்கான சம்பளச் சீட்டு இல்லாத வீடுகளில், ஏஜென்ட் ஏதோ ஒரு சிறிய தொகையைப் போட்டுவிடுவதுண்டு. அப்படி விடாதீர்கள். அதே குடும்பம் பிறகு வங்கிக் கடனுக்கு வேறொரு வருமானத்தைச் சொன்னால் இரண்டும் மோதும். உண்மையான தொகையைச் சொன்னாலே இந்த வீடுகளில் பெரும்பாலானவை உதவித்தொகை வரம்புக்குள் வந்துவிடும்.

முதல் தலைமுறைப் பட்டதாரிச் சான்று: குடும்பத்தில் இதுவரை யாரும் பட்டதாரி இல்லை என்றால், ஒற்றைச் சாளரக் கலந்தாய்வில் சேரும் தொழிற்படிப்புகளுக்குப் படிப்புக் கட்டணச் சலுகை உண்டு. சாதி, வருமானம் பார்ப்பதில்லை. தாத்தா, அப்பத்தா, அம்மாச்சி, அப்பா, அம்மா, உடன்பிறந்தோர் எவரும் பட்டம் பெற்றிருக்கக் கூடாது. அஞ்சல் வழியில் வாங்கிய பட்டமும் பட்டம்தான். அக்காவோ அண்ணனோ ஏற்கெனவே இந்தச் சலுகையில் படித்திருந்தால் அடுத்த பிள்ளைக்குக் கிடையாது. சான்றோடு பெற்றோரும் மாணவரும் கையெழுத்திட்ட கூட்டு உறுதிமொழிப் படிவமும் வேண்டும். பிப்ரவரி, மார்ச்சில் விண்ணப்பித்துவிடுங்கள். கலந்தாய்வுக்குப் பதிவு செய்யும்போதே இதைக் குறிப்பிட்டுப் பதிவேற்ற வேண்டும்.

மத்திய நிறுவனங்கள் என்றால் கதை வேறு. ஐ.ஐ.டி., என்.ஐ.டி. போன்றவற்றுக்கு மாநில பி.சி. சான்று செல்லாது, மத்திய அரசு வடிவத்தில் ஓ.பி.சி. சான்று தனியாக வாங்க வேண்டும், அதுவும் அந்த ஆண்டு ஏப்ரல் 1-க்குப் பிறகு வழங்கப்பட்டதாக. பொதுப் பிரிவினருக்கான 10 சதவீதப் பொருளாதார ஒதுக்கீடும் மத்திய நிறுவனங்களில்தான் உண்டு. தமிழக அரசின் கலந்தாய்வுகளில் இல்லை.

இருப்பிடச் சான்று எல்லோருக்கும் தேவைப்படாது. எட்டு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டுக்கு வெளியே, அல்லது வெளிநாட்டில் படித்த பிள்ளைகளுக்குத்தான் அது பெரும்பாலும் வேண்டியிருக்கும்.

பக்கத்தில் என்ன இருக்கிறது, எவ்வளவு ஆகும்

கல்லூரிச் செலவில் படிப்புக் கட்டணத்தை விட விடுதியும் சாப்பாடும்தான் பல வீடுகளை அழுத்துகின்றன. அந்தக் கணக்கில் செட்டிநாட்டுப் பிள்ளைகள் கொடுத்து வைத்தவர்கள். வள்ளல் அழகப்பர் 1947-இல் கலைக் கல்லூரியையும் 1952-இல் பொறியியல் கல்லூரியையும் தொடங்கினார். 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையமான சிக்ரியைக் காரைக்குடிக்குக் கொண்டுவந்தார். அந்தக் கலைக் கல்லூரியும் பொறியியல் கல்லூரியும் இன்று அரசுக் கல்லூரிகள். சிக்ரியில் வேதி–மின்வேதிப் பொறியியலில் பி.டெக். படிப்பு இருக்கிறது. அழகப்பா பல்கலைக்கழகம், அரசு சட்டக் கல்லூரி, செட்டிநாடு வேளாண்மைக் கல்லூரி, பூலாங்குறிச்சி அரசு கலைக் கல்லூரி, மேலைச்சிவபுரி கணேசர் கல்லூரி, தேவகோட்டை சேவுகன் அண்ணாமலை கல்லூரி, சிவகங்கையில் மன்னர் துரைசிங்கம் அரசு கலைக் கல்லூரி, அரசு மருத்துவக் கல்லூரி என வீட்டிலிருந்து பஸ்ஸில் போய் வரும் தூரத்திலேயே இவ்வளவு இருக்கின்றன. அரசுக் கல்லூரி மாணவர்களுக்குக் கட்டணமில்லா பஸ் பாஸும் உண்டு. சென்னை, கோவை என்று எழுதும் முன் இவற்றை முதலில் எழுதிப் பாருங்கள்.

ஒரு நோட்டில் ஒவ்வொரு கல்லூரிக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். படிப்புக் கட்டணம், தேர்வுக் கட்டணம், பஸ் அல்லது விடுதி, சாப்பாடு, புத்தகம், லேப்டாப், முதலாண்டில் மட்டும் கேட்கும் வைப்புத்தொகை என்று தனித்தனியாக எழுதி, நான்காண்டுகளுக்குக் கூட்டுங்கள். பிறகு வரக்கூடிய உதவிகளைக் கழியுங்கள். முதல் பட்டதாரிச் சலுகை படிப்புக் கட்டணத்தில்தான் குறையும். பஸ், விடுதிக்கு அது உதவாது என்பதைக் கணக்கு போடும்போது மறக்க வேண்டாம்.

கழிக்க வேண்டிய வரிசையில் முதலாவது, சாதியை ஒட்டிய அரசு உதவித்தொகை. ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கான போஸ்ட் மெட்ரிக் (பத்தாவதுக்குப் பிந்தைய படிப்பு) உதவித்தொகைக்கும், பிற்படுத்தப்பட்டோர், மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கான உதவித்தொகைக்கும் குடும்ப வருமான வரம்பு ரூ.2.5 லட்சம். பிளஸ் டூ மதிப்பெண்ணில் மாநில வாரியத்தின் முதல் 20 சதவீதத்துக்குள் வருபவர்களுக்கு, வருமானம் ரூ.4.5 லட்சத்துக்குள் இருந்தால், மத்திய அரசின் உதவித்தொகை முதல் மூன்று ஆண்டுகளுக்கு ஆண்டுதோறும் ரூ.12,000. தேசிய உதவித்தொகை இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். பொறியியல், டிப்ளமோவில் சேரும் பெண் பிள்ளைகளுக்கு ஏ.ஐ.சி.டி.இ. (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) வழங்கும் பிரகதி உதவித்தொகை ஆண்டுக்கு ரூ.50,000. வருமான வரம்பு ரூ.8 லட்சம்; ஒரு குடும்பத்தில் இரண்டு பெண்கள் வரை பெறலாம். எங்கள் பார்வையில் இந்தப் பகுதியில் போதிய அளவு விண்ணப்பிக்கப்படாத உதவி இதுதான்.

இவை தவிர, கட்டுமானம் உள்ளிட்ட அமைப்புசாராத் தொழிலாளர் நலவாரிய அட்டை வைத்திருப்பவர்களின் பிள்ளைகளுக்குக் கல்வி உதவி உண்டு. அட்டையைப் புதுப்பிக்காமல் விட்டால் கிடைக்காது. நகரத்தார் அறக்கட்டளைகளும் கல்விக்குக் கொடுக்கின்றன. சிலவற்றில் சமூக வரம்பு உண்டு, சிலவற்றில் இல்லை. நேரில் போய், மதிப்பெண் சான்று நகலோடும் கல்லூரிக் கட்டண ரசீதோடும் ஒரு கடிதம் கொடுங்கள்.

பன்னிரண்டாம் வகுப்பும் கலந்தாய்வும்

நீட் விண்ணப்பம் வழக்கமாகப் பிப்ரவரி வாக்கில் தொடங்கும், தேர்வு மே மாதம். ஜே.இ.இ. மெயின் ஜனவரியிலும் ஏப்ரலிலும் நடக்கும். கட்டடக் கலைக்கு நாட்டா தேர்வு தேவை. பொறியியல் கலந்தாய்வுக்கும் அரசுக் கலைக் கல்லூரிகளுக்கும் விண்ணப்பம் மே மாதத்தில்தான்.

விண்ணப்பத்தை பிரவுசிங் சென்டரில் போடும்போது ஒன்றைக் கவனியுங்கள். அவசரத்தில் கடைக்காரர் தன் மின்னஞ்சலையும் மொபைல் எண்ணையும் போட்டுவிடுவதுண்டு. பிறகு ஒதுக்கீட்டுத் தகவல் அவருக்குப் போகும், உங்களுக்கு வராது. மின்னஞ்சல் முகவரியைப் பிள்ளையே முன்கூட்டி உருவாக்கி, கடவுச்சொல்லை நோட்டில் எழுதி வைக்கட்டும். காசு கட்டாமல் போட நினைத்தால் டி.என்.இ.ஏ. (தமிழகப் பொறியியல் சேர்க்கை) உதவி மையங்கள் உண்டு.

பொறியியல் கட்-ஆஃப் 200-க்கு. கணித மதிப்பெண் முழுதாக, இயற்பியலும் வேதியியலும் பாதியாக. கணிதம் 92, இயற்பியல் 86, வேதியியல் 88 என்றால் 92 + 43 + 44 = 179. அரசுக் கலைக் கல்லூரியில் பெரும்பாலான பாடங்களுக்கு மொழிப்பாடம் நீங்கலாக நான்கு பாடங்களின் 400. தமிழ் இலக்கியத்துக்குத் தமிழ் மதிப்பெண்ணே தரவரிசை.

விருப்பப் பட்டியல் போடுவதுதான் கலந்தாய்வின் உயிர். சென்ற ஆண்டு உங்கள் சாதிப் பிரிவில், உங்கள் கட்-ஆஃபுக்கு எந்தெந்தக் கல்லூரி வந்தது என்று பாருங்கள். ஆனால் பட்டியலின் வரிசை உங்கள் விருப்பத்தின்படியே இருக்க வேண்டும். "கிடைக்காது" என்று நல்ல கல்லூரியைக் கீழே போட்டால், அது கிடைக்கக்கூடியதாக இருந்தும் மேலே போட்ட வேறொன்று ஒதுக்கப்பட்டுவிடும். எதிர்பார்க்கும் கட்-ஆஃபுக்கு மேலே கொஞ்சம், நடுவில் நிறைய, கீழே கொஞ்சம் என்று தாராளமாகப் போடுங்கள். பத்து, பதினைந்து விருப்பங்களோடு நிறுத்தியவர்களுக்கு அந்தச் சுற்றில் இடமே வராமல் போகிறது. கல்லூரிப் பெயர்கள் ஒன்றுபோல் ஒலிக்கும். கலந்தாய்வுக் குறியீட்டு எண்ணை வைத்தே தேர்ந்தெடுங்கள். நான்காண்டுச் செலவு தாங்காது என்று உங்கள் நோட்டு சொல்லும் கல்லூரியைப் பட்டியலிலேயே சேர்க்காதீர்கள்.

தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் குறித்த நேரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும்: ஏற்றுச் சேருவது, ஏற்றுக்கொண்டே மேல் விருப்பத்துக்குக் காத்திருப்பது, மறுத்துவிட்டு அடுத்த சுற்றுக்குப் போவது என்று வாய்ப்புகள் இருக்கும். பதில் சொல்லாமல் விட்டால் இடம் போய்விடும். அந்த இரண்டு நாள்களில் குலதெய்வக் கோயில், கல்யாணம் என்று வெளியூர் போகாதீர்கள்.

ரிசல்ட்டுக்கு முன்பே "இப்போ அட்வான்ஸ் கட்டினா சீட் உறுதி" என்று வீடு தேடி வருபவர்களிடம் பணமும் அசல் சான்றிதழும் கொடுக்க வேண்டாம். நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் முதல் பட்டதாரிச் சலுகையும் 7.5 சதவீத உரிமையும் கிடையாது. அசல் சான்றிதழ்களைக் கல்லூரி தன்னிடம் வைத்துக்கொள்ளக் கூடாது என்பது யு.ஜி.சி. விதி. சரிபார்த்ததும் திரும்பக் கேளுங்கள்.

கல்விக் கடன்

இங்கே பணமுடை என்றதும் கை நகைக்குத்தான் போகும். நகைக் கடனுக்கு வட்டி மறுநாளே ஓடத் தொடங்கும், ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும், முடியாவிட்டால் நகை ஏலத்துக்குப் போகும். கல்விக் கடனில் படிப்புக் காலமும் அதற்குமேல் ஓராண்டும் தவணை கட்ட வேண்டியதில்லை. பிறகு 15 ஆண்டுகள் வரை கட்டலாம். ரூ.4 லட்சம் வரை சொந்தப் பங்கும் கேட்பதில்லை; ரூ.7.5 லட்சம் வரை அரசின் கடன் உத்தரவாதம் இருப்பதால் சொத்து அடமானம் தேவையில்லை.

வட்டியைச் சரியாகப் புரிந்துகொள்ளுங்கள். ஆண்டுக்கு ஒரு லட்சம் வீதம் நான்காண்டு வாங்கினால், 10 சதவீதத் தனிவட்டியில், முதல் லட்சத்துக்கு ஐந்தாண்டு வட்டி, இரண்டாவதற்கு நான்கு, மூன்றாவதற்கு மூன்று, கடைசிக்கு இரண்டு. மொத்தம் ரூ.1.4 லட்சம். தவணை தொடங்கும்போது கடன் நான்கு லட்சம் அல்ல, 5.4 லட்சம். முதலாண்டில் மாதம் சுமார் ரூ.833 என்று தொடங்கி, கடன் கூடக் கூட ஏறும் வட்டியை மட்டும் மாதாமாதம் கட்டிவந்தால் இந்தச் சுமை ஏறாது. குடும்ப வருமானம் ரூ.4.5 லட்சத்துக்குள் இருந்து, தொழிற்படிப்பு என்றால், இந்தக் காலத்து வட்டிக்கு மத்திய அரசின் மானியம் உண்டு. 2024 நவம்பரில் வந்த பி.எம். வித்யாலட்சுமி திட்டத்தில், குறிப்பிட்ட தரமான நிறுவனங்களில் சேருபவர்களுக்கு ரூ.8 லட்சம் வருமானம் வரை, ரூ.10 லட்சம் கடனுக்கு 3 சதவீத வட்டிக் குறைப்பு கிடைக்கிறது.

வித்யாலட்சுமி இணையதளத்தில் விண்ணப்பித்து, உங்கள் வீட்டுக்கு அருகிலுள்ள வங்கிக் கிளையைத் தேர்ந்தெடுங்கள். தூரத்துக் கிளையைப் போட்டால் அதைக் காரணம் காட்டி மறுப்பார்கள். ஒதுக்கீட்டு ஆணை, எல்லா ஆண்டுகளுக்குமான கட்டணப் பட்டியல் (விடுதி, புத்தகம், லேப்டாப் உட்பட, கல்லூரி முத்திரையோடு), மதிப்பெண் சான்றுகள், வருமானச் சான்று, இருவரின் ஆதார், பான், ஆறு மாத வங்கிப் பரிவர்த்தனை ஆகியவற்றை ஒரே ஃபைலில் கொடுங்கள். பெற்றோர்தான் கூட்டுக் கடனாளி. அப்பாவின் பழைய டிராக்டர் கடனோ சுயஉதவிக் குழுக் கடனோ நிலுவையில் இருந்தால் சிபில் மதிப்பெண் (கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று காட்டும் மதிப்பெண்) அடிவாங்கியிருக்கும். பதினோராம் வகுப்பிலேயே சிபிலைப் பார்த்து நிலுவையை அடைத்தால் சரியாகிவர நேரம் கிடைக்கும். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். மாவட்ட நிர்வாகமும் முன்னோடி வங்கியும் நடத்தும் கல்விக் கடன் முகாமில் அந்தக் கடிதம் உதவும்.

சேர்ந்த பிறகு

கல்லூரியில் உதவித்தொகைக்கென்று ஒரு பொறுப்பாசிரியர் இருப்பார். முதல் வாரத்தில் அவரைப் பார்த்து, பள்ளியில் கொடுத்த எமிஸ் எண்ணையும் (மாணவர் அடையாள எண்) வங்கி விவரத்தையும் கொடுங்கள். புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் பதிவு இந்த வழியாகத்தான். அரசுப் பள்ளியில் படித்ததற்கான சான்றைப் பழைய பள்ளிகளில் முன்பே வாங்கியிருக்க வேண்டும். ஆறு முதல் எட்டு வரை படித்த பள்ளி வேறு என்றால் அங்கும் போக வேண்டும்.

உதவித்தொகை தானாக அடுத்த ஆண்டுக்கு நீளும் என்று நம்பி இருக்காதீர்கள். ஒவ்வோர் ஆண்டும் புதுப்பிக்க வேண்டுமா என்று கேட்டுச் செய்யுங்கள். வருமானச் சான்று காலாவதியாகியிருந்தால் அதையும் புதிதாக வாங்க வேண்டும். வங்கியும் சென்ற ஆண்டு மதிப்பெண் பட்டியலைப் பார்த்த பிறகே அடுத்த தவணையை விடுவிக்கும். அரியர் விழுந்தால் பொறுப்பாசிரியரிடமும் வங்கியிடமும் மறைக்காமல் உடனே சொல்லிவிடுங்கள். கல்லூரி கட்டணத்துக்குக் கடைசி நாள் சொல்வதற்கு ஒரு மாதம் முன்பே, மதிப்பெண் பட்டியலும் கட்டண அறிவிப்பும் வங்கிக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.